பன்னிரண்டு இலட்சத்து நானா

“தலாக்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வாயக் கழுவிட்டு வா, றஹ்மத் உம்மா!”

இப்படித்தான் சொன்னேன். சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த வீட்டு றஹ்மத் உம்மா, மகளுடைய பிள்ளைப்பேற்றுக்காக முந்தலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். கையில் இருந்த பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. என் வாசலில் நின்றபடியே, “ஒங்கட தம்பி பொஞ்சாதிய உட்டுட்டுப் போயிட்டாராமே? முந்தல்ல எறால் பண்ணைக்காரனுகள் வரைக்கும் கதைக்கிறாங்க,” என்று கேட்கிறாள். கேட்கிறாள் என்றா சொன்னேன்? கேட்கிறவளுடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்காது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்லாட்டி ரம்ஸியாதான் அவர அடிச்சித் தொரத்திட்டாவாம், அப்பிடியும் ஒரு கதை ஈக்கிது,” என்றாள். எது எனக்குப் பிடிக்கும் என்று தெரியாமல் இரண்டையும் விரித்துக் காட்டுகிற புடவை வியாபாரி மாதிரி.

“ரெண்டும் பொய். அவன் போனது வருமான வரியால.”

“கடன்காரனுக்குப் பயந்து ஓடின ஆக்கள் ஈக்கிறாங்க. வரிக்குப் பயந்து பொஞ்சாதிய உட்டுட்டு ஓடினவர இப்பதான் கேள்விப்படுறன்.”

சிரித்தாள். சிரிக்கட்டும். அவன் வீட்டை விட்டுப் போன அன்று அவள் ஊரில் இல்லை. நான் இருந்தேன், வாசல் கேற்றடியில், முன்வரிசையில். அதனால் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன். இனி ஒருத்தரும் பையோடு என் வாசலுக்கு வர வேண்டாம்.

என் தம்பி ஹயாத்து முகம்மது பாலாவி உப்பளத்தில் உப்பு நிறுக்கிற இடத்தில் மேற்பார்வையாளனாக இருந்தவன். வாழ்நாள் முழுக்கத் தராசுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் நிறை குறைவாகவே தெரியும். மீன்காரன் நிறுத்துக் கொடுத்த மீனை வீட்டில் இன்னொரு தரம் நிறுப்பான். ஒரு இறாத்தல் பாண் ரொட்டி நானூற்றைம்பது கிராம் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன நாளில் இருந்து அவனுக்குப் பெருநாள்தான். பேக்கரிக்குள் இவன் நுழைந்தால் பாண் போடுகிறவன் பின்கதவால் போய்விடுவான். ஒரு நாள் பாதி தின்ற பாணைக் கொண்டுபோய், “மிச்சப் பாதிய நிறுத்துப் பாரு, ரெண்டால பெருக்கு,” என்று சண்டை பிடித்தவன் இவன். ஆனால் ஒன்று. தனக்குக் குறைவது எப்படிப் பொறுக்காதோ, அப்படியே அடுத்தவனுக்குக் குறைவதும் பொறுக்காது. மிச்சக் காசு கூடுதலாக வந்துவிட்டால் வெயிலில் திரும்பி நடந்துபோய்க் கொடுப்பான். பொய்க்கணக்குக்கு அவன் கை போகாது. உப்பளத்தில் அதனால் அவனைப் பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்கள் அதைவிட உண்டு.

வேலையை விட்டு வந்தபோது கிடைத்த சேமலாப நிதியை வங்கியில் போட்டான். வட்டி நமக்கு ஆகாதே, அதனால் வட்டியில்லாத பிரிவில், இலாபப் பங்கு தருகிற கணக்கில் போட்டான். பங்கு வந்தது. வருகிறபோதே அதில் ஒரு துண்டை முற்கூட்டிய வரி என்று வங்கி வெட்டிக்கொண்டது. வட்டிக்கு வெட்டுகிற மாதிரியே இதற்கும் வெட்ட வேண்டுமாம், சட்டம் அப்படியாம்.

“அல்லாட கணக்குல இது வட்டி இல்ல. அரசாங்கத்திட கணக்குல மட்டும் எப்பிடி வட்டியாகிச்சு?” என்று வங்கியில் இருந்த பிள்ளையிடம் கேட்டிருக்கிறான்.

“சேர், எனக்குத் தெரியா. கம்பியூட்டர்தான் வெட்டுது,” என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது.

“அப்ப கம்பியூட்டரக் கூப்பிடுங்க.”

கம்பியூட்டர் வரவில்லை. இவன் விசாரித்துக்கொண்டு, வரி வாங்குகிற இறைவரிக் கந்தோருக்குப் போனான். அங்கேதான் அந்த விஷயம் தெரிந்தது. அப்போது சட்டம் எப்படி என்றால், ஒரு ஆளுக்கு வருடத்தில் பன்னிரண்டு இலட்சம் வரைக்கும் வருமானத்துக்கு வரி இல்லை. அதற்குக் கீழே உழைக்கிறவனிடம் வங்கி வெட்டியிருந்தால், விண்ணப்பித்துத் திருப்பி வாங்கலாம். இவனுக்குப் பன்னிரண்டு இலட்சம் எங்கே வருகிறது? வரி இலக்கம் எடுத்தான், விண்ணப்பித்தான், நடையாய் நடந்தான். கடைசியில் காசு திரும்பி வந்தது. கத்தாரில் இருக்கிற என் மகன் அனுப்புகிறதை நானும் அதே வங்கியில் போட்டு வைத்திருந்தேன். என்னுடையதையும் வாங்கித் தந்தான். அதனால் அவனைப் பற்றி நான் கொஞ்சம் நல்லதாகத்தான் சொல்வேன், மறைக்கவில்லை.

அவன் மனைவி ரம்ஸியா அன்று வட்டிலப்பம் அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். திரும்பி வந்த காசைவிட முட்டைக்குப் போன காசு கூடுதல். அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் இவன்தான் வரி மந்திரி. பின்னேரம் கேற்றடியில் கதிரையைப் போட்டு உட்காருவான். ஆட்கள் வங்கித் துண்டுகளோடு வருவார்கள். “பன்னண்டு லெச்சம் என்டுறது ஒரு குடை. அதுக்குள்ள நிண்டா ஒரு துளி வரியும் மேல படாது,” என்று எல்லாருக்கும் ஒரே பாடம். பன்னிரண்டு இலட்சத்து நானா என்று, அண்ணன் முறை சேர்த்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். பின்னர் அரசாங்கம் அதைப் பதினெட்டாக உயர்த்தியது. குடை பெரிதானது. பெயர் மட்டும் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டது.

இனித்தான் காணி வருகிறது.

எங்கள் புத்தளத்துப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவுடைய வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். அப்படி உம்மா இருந்த வீடு எனக்கு வந்தது. தம்பி, இதே தெருவில் ரம்ஸியாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். எத்தாளையில் வாப்பாவுக்கு ஒரு சிறு தோட்டமும் அதற்குள் ஒரு வீடும் இருந்தன. அவை தம்பியின் பெயருக்கு வந்தன. தேங்காய் பறிக்கிற அன்று மட்டும் அந்த வீட்டைத் திறப்பான். மற்ற நாட்களில் வௌவால்தான் குடித்தனம்.

இப்போது கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து, பெரிய காற்றாடியை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிறார்கள் இல்லையா? அதற்குப் பிறகு மணலுக்கும் விலை வந்துவிட்டது. சிலாபத்து அன்ரன் என்று ஒரு ஹோட்டல்காரர் எத்தாளைத் தோட்டத்தைக் கேட்டு வந்தார். தம்பிக்கும் தேவை இருந்தது. கடைசி மகள் ஷிம்லா கம்பஸில் படிக்கிறாள். நிக்காஹ் பேசியாகிவிட்டது. படிப்பு முடிய இரண்டு வருடம், அதற்கு அடுத்த வருடம் கல்யாணம். அதற்குள் அவளுக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும். அத்திவாரம் போட்டாயிற்று. காணி விற்ற காசு வந்தால் சுவரும் வரும், கூரையும் வரும்.

“வரி?” என்று ரம்ஸியா கேட்டாள்.

“நான் யாரு? என்ட குடைக்குள்ள எவ்வளவு எடம் சும்மா கெடக்கு என்டு தெரியுமா? காணி லாபத்தையும் அதுக்குள்ள இழுத்து உட்டுருவன்.”

எதற்கும் கந்தோரில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனான். என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஆலோசனை கேட்கப் போகவில்லை அவன். தன் கெட்டித்தனத்தை நான் பார்க்க வேண்டும், அதற்குத்தான் என் பஸ் காசையும் அவனே கொடுத்தான்.

கந்தோரில் சுஜாந்தி என்று ஒரு தமிழ்ப் பிள்ளை. தம்பி திருப்பிப் பணம் கேட்டு நடந்த காலத்தில் இருந்தே அவளுக்கு இவனைத் தெரியும். தெரிந்ததால் இவனைக் கண்டவுடன் முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். இவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “சரிதானே மகள்?” என்றான்.

“இல்ல ஐயா. அந்தப் பதினெட்டு லட்சக் கழிவு காணி வித்து வாற லாபத்துக்குப் பொருந்தாது. அது மூலதன லாபம். அதுக்கு வரி தனியா.”

“என்ட குடைக்குள்ள எடம் ஈக்கே!”

“இருக்கட்டும் ஐயா. அந்த மழைக்கு இந்தக் குடை விரியாது.”

அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இரண்டாயிரத்துப் பதினேழில் அந்தக் காணிக்கு இருந்த மதிப்பைப் பார்ப்பார்களாம். இப்போது விற்கிற விலையில் அதைக் கழிப்பார்களாம். கூடி வருகிறதில் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு. வேறு வருமானம் ஒரு சதம் இல்லாத ஆளாக இருந்தாலும் அந்தப் பங்கு பங்குதான். தம்பி மனதுக்குள் கூட்டிக் கழித்தான். முகம் மாறியது. “ராத்தா, கூரை போச்சு,” என்று என் காதில் சொன்னான். ஷிம்லாவின் வீட்டுக் கூரைக்கு வைத்திருந்த பங்குதான் அது.

“இதுக்கு வேற குடையே இல்லையா மகள்?”

“ஒண்டு இருக்கு. நீங்க குடியிருக்கிற வீட்ட வித்தா வரி இல்ல. மூண்டு வருசம் உங்கட பேர்ல இருந்திருக்க வேணும். அந்த மூண்டுல ரெண்டு வருசமாவது நீங்க அதில இருந்திருக்க வேணும்.”

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். “நான் முப்பது வருசத்துக்கு மேல ஒரே ஊட்டுல ஈக்கன்!”

“அந்த வீடா விக்கப் போறீங்க?”

“இல்ல. அது பொஞ்சாதிட ஊடு.”

“அப்ப உங்கட பேர்ல, நீங்க குடியிருந்த வீடு?”

அவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டான். பிறகு என்னைப் பார்த்தான். “ராத்தா, அப்ப நான் இவ்வளவு காலமும் விருந்தாளியா?”

“நீதான்டா. நான் என்ட ஊட்டுலதான் ஈக்கன்,” என்றேன். சுஜாந்தி சிரிப்பை அடக்கப் பைலுக்குள் தலையைக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு அவன் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. “இண்டையில இருந்து நான் எத்தாளையில போய் இருந்தா?”

“மெய்யாவே இருக்க வேணும் ஐயா. பூட்டத் தொறந்து வச்சிட்டு புத்தளத்தில படுத்தாச் சரிவராது. நாள் கணக்குப் பாப்பாங்க.”

“ரெண்டு வருசம்தானே? ஷிம்லாட படிப்பு முடியவும் சரியா ஈக்கும்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவன் பேசாமல் இருந்தால் எங்கேயோ எதையோ நிறுத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

ரம்ஸியாவிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை அவன் காலடியில் ஊற்றினாள். வேண்டுமென்றுதான்.

“ஆம்புள தலவாணியத் தூக்கிட்டு பொஞ்சாதிட ஊட்டால எறங்கினா அதுக்குப் பேரு என்னா என்டு ஒங்களுக்குத் தெரியாதா?”

அவனுக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். புருஷன் தன் சட்டை துணியோடு கொழும்புக்குப் போகலாம், சவூதிக்குப் போகலாம், பத்து வருடம் வராமல் இருக்கலாம். ஒரு கதையும் வராது. தலையணையோடு பக்கத்து ஊருக்குப் போனால் போதும், மறுநாள் பள்ளிவாசலில் பஞ்சாயத்து எப்போது என்று கேட்பார்கள்.

“தலவாணி இல்லாமப் போறன்.”

“தலவாணி இல்லாட்டி ஒங்களுக்குக் கழுத்துப் புடிக்கும்.”

“அப்ப நீங்களும் வாங்க.”

“உம்மா தந்த ஊட்டப் பூட்டிட்டு ஆம்புளட ஊட்டுல போய் இருக்கிறதா? இந்த ஊர்ல எந்தப் பொம்புள செஞ்சா? ஷிம்லா லீவுக்கு வந்தா எந்தக் கதவத் தட்டுவா? வரியக் கட்டிட்டு சும்மா கெடங்க.”

“வரியக் கட்டினா கூரை இல்ல.”

“ஓலை போடுவம்.”

“இஞ்சினியர் மாப்பிள்ளைக்கு ஓலை ஊடா?”

நோன்பு மாதம் முழுக்க இதுதான். பகலில் பசி, நோன்பு திறந்த பிறகு சண்டை. எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் தெரிந்தது, அதனால் இரண்டு பேரையும் ஏசினேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ரம்ஸியா ரோஷக்காரி. அவளுடைய உம்மா விதவையாகி நின்றபோது ஊர் பேசிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். தன் வாசலைப் பார்த்து ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று வாழ்ந்தவள். அந்த வாசலால்தான் இவன் தலையணையோடு இறங்கப் போகிறேன் என்கிறான். மகளுடைய தலைக்கு மேல் கூரையா, அவளைப் பெற்ற உம்மாவுடைய மானமா என்று வந்துவிட்டது.

பெருநாள் கழிந்து அன்ரன் வந்தார். தம்பி மனம் தளர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். “ஏன் நானா இவ்வளவு கஷ்டப்படுறீங்க? உறுதிப் பத்திரத்துல வெலயக் கொறச்சி எழுதுவம். மிச்சத்த நான் கையில தாறன். லாபமே இல்லாத மாதிரிக் காட்டினா வரியும் இல்ல. எல்லாரும் செய்யிறதுதானே?”

பாணை நிறுத்துச் சண்டை பிடிக்கிற என் தம்பி, இதைக் கேட்டு அந்த மனிதரைக் கேற்றுக்கு வெளியே விடுவான் என்று நான் காத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “சரி. அப்பிடியே செய்வம்,” என்றான்.

ரம்ஸியா கதவுச் சேலைக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்றாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. வெளியே வந்தாள். தட்டை வைத்தாள். அன்ரனைப் பார்த்து, “தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க தம்பி. ரெண்டு வருசத்துக்குப் பொறகு வாங்க. அப்ப முழு வெலைக்கும் எழுதுவம்,” என்றாள்.

“ரம்ஸியா…” என்றான் தம்பி.

“நீங்க பேசாம இருங்க. எனக்காகவா பொய் எழுதப் போறீங்க? பொறகு பேக்கரிக்காரன் ஒங்களக் கண்டு ஒளிக்கமாட்டான். நீங்கதான் அவனக் கண்டு ஒளிக்கணும். அதப் பாத்துட்டு நான் இந்த ஊட்டுல இருக்கிறதா? எத்தாளைக்குப் போங்க. ஆனா நான் சொல்ற மாதிரித்தான் போகணும்.”

அன்ரனுக்கும் அவசரம் இல்லை. பக்கத்துக் காணிகளை வாங்கிச் சேர்க்கவே அவருக்கு இரண்டு வருடம் பிடிக்கும். தேநீரைக் குடித்துவிட்டு, “இப்பிடி ஒரு ஊட்ட நான் காணல்ல,” என்று சொல்லிக்கொண்டு போனார்.

தம்பியின் திட்டம் வேறு. சுபஹுத் தொழுகைக்கு முன்னால், தெரு தூங்குகிற நேரத்தில், தலையணையைச் சாக்குக்குள் போட்டு மெதுவாக நழுவிவிடுவது. ரம்ஸியா ஒத்துக்கொள்ளவில்லை.

“களவாப் போனா களவு என்டுதான் கதைப்பாங்க. வெள்ளிக்கெழம. ஜும்ஆ முடிஞ்சி ஆக்கள் வாற நேரம். முன்வாசலால. தலவாணி சாக்குக்குள்ள இல்ல, கக்கத்துல.”

“ஊரே பாக்குமே!”

“பாக்கட்டும் என்டுதானே சொல்றன்.”

அந்த வெள்ளிக்கிழமை ரம்ஸியா பெருநாள் சேலையை உடுத்தாள். கைக்கு வளையல் போட்டாள். எனக்குப் புரியவில்லை. “என்னா மதினி பாக்குறீங்க? கேற்றடிக்கு வாங்க,” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஜும்ஆ முடிந்து தெரு நிறைய ஆண்கள். சத்தம் கேட்டுப் பெண்கள் வேலி ஓரம் வந்துவிட்டார்கள். த்ரீவீல் வந்து நின்றது. தம்பி வெளியே வந்தான். ஒரு கையில் கேத்தல், மற்றக் கக்கத்தில் தலையணை, தலையில் தொப்பி, முகத்தில் தூக்குக்குப் போகிறவனுடைய களை. தெரு அப்படியே நின்றுவிட்டது. தொழுகை நடத்துகிற லெப்பை பள்ளிப் படியிலேயே நின்று பார்த்தார். யாரோ ஒரு பெண், “யா அல்லாஹ், இந்த வயசுல,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

தம்பி த்ரீவீலில் ஏறினான். தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அப்போதுதான் ரம்ஸியா தெருவுக்கு இறங்கினாள். அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்குக்கூட அவளுடைய குரல் போகாது. அன்று பள்ளிவாசல் வரைக்கும் போனது.

“ஷிம்லாட வாப்பா! வியாழக்கெழம பின்னேரம் நான் வருவன். ராவைக்கு நிண்டுட்டு வெள்ளிக்கெழம காலையிலதான் திரும்புவன். நல்ல ஒட்டி மீன் வாங்கி வெய்ங்க. ஊட்டக் கூட்டி வெய்ங்க. தாடியக் கத்தரிச்சி, அத்தர் பூசிட்டு நில்லுங்க. கேட்டிச்சா?”

லெப்பைக்கு இருமல் வந்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். ஒரு கிழவர் “அஸ்தஃபிருல்லாஹ்” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் கேட்கலாம் என்று அங்கேயே நின்றார். தன் மானத்தை ஒருத்தரும் தொடக் கூடாது என்று இருந்தவள், அதைத் தானே தெருவில் தூக்கிக் காட்டிவிட்டாள். இனி யார் என்ன பேசினாலும் புருஷன் விட்டுப்போன பொஞ்சாதி என்று மட்டும் பேச ஏலாது.

என் தம்பியின் காது இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தன. த்ரீவீல்காரன் சிரிப்பில் இஞ்சினை இரண்டு தரம் அணைத்துவிட்டான். வண்டி நகர்ந்தது. மூலைக்குப் போகிறபோது தம்பியின் தலை வெளியே வந்தது.

“எத்தின மணி பஸ்ஸு?” என்று கத்தினான்.